தேசாந்தரக் கணக்கு: மெட்ராஸ் டைம் முதல் கம்ப்யூட்டர் டைம் வரை

ஊர்ப்பக்கம் ஒருவரைப் பற்றி "அவர் தேசாந்திரம் போய்விட்டார்" என்று சொன்னால், வீடு வாசலை விட்டுப் பிழைப்புக்கோ யாத்திரைக்கோ வெகுதூரம் போய்விட்டார் என்று அர்த்தம். நம்மைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார்கள். இதே சொல் பழைய வான கணித நூல்களில் வேறு அர்த்தத்தில் வருகிறது. சூரிய சித்தாந்தம் முதலான நூல்கள் உஜ்ஜயினி வழியாகத் தெற்கு வடக்காக ஓடும் ரேகையை நடுரேகையாக வைத்துக்கொண்டு கிரகக் கணக்கைச் சொல்கின்றன. உஜ்ஜயினியில் இல்லாதவர் என்ன செய்வது? தம் ஊர் அந்த ரேகைக்குக் கிழக்கே எவ்வளவு தூரம், மேற்கே எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதற்குரிய வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் தேசாந்தரம்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'டைம் ஸோன்' என்கிறார்களே, அடிப்படையில் அதுவும் இந்தத் தேசாந்தரக் கணக்குத்தான். நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது சாஃப்ட்வேரில் இருக்கிறது. இணையதளத்துக்கு புரோகிராம் எழுதும்போது எது ரொம்பப் படுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். தேதியும் மணியும் என்று பலபேர் சொல்வார்கள். பார்க்க எளிதாக இருக்கும், இறங்கினால் கால் வாங்கும்.

காரணம் ஒன்றுதான். இடம் சொல்லாமல் மணியை மட்டும் சொன்னால் அது பாதித் தகவல். இந்தச் சின்ன விஷயத்தை நம் நாடு பல வருஷம் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. அந்தச் சண்டையில் மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. வெளி மாநிலத்தில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் நம் குடும்பங்களின் பிறப்புக் குறிப்புகளிலும் அதன் தடம் இருக்கிறது. ஆகவே இதை இந்த மலரில் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு ஊர் உச்சிவேளை

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிஷம். இது போதும், மற்றதெல்லாம் வாய்க்கணக்கு. சென்னை சுமார் 80¼ பாகை கிழக்கு. மும்பை 73க்குச் சற்றுக் குறைவு. கொல்கத்தா 88⅓. ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 30 நிமிஷம் கழித்துத்தான் மும்பையில் உச்சிக்கு வரும். கொல்கத்தாவிலோ சென்னைக்கு 32 நிமிஷம் முன்பே உச்சி ஆகிவிடும். குஜராத்தின் மேற்குக் கோடிக்கும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் கோடிக்கும் சுமார் 29 பாகை இடைவெளி. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்.

மாட்டு வண்டி காலத்தில் இதனால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. 24 நிமிஷம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். நீர் ஒழுகும் வட்டிலை வைத்து நாழிகை கணக்கிட்டுச் சொன்னவர்களைப் பற்றி முல்லைப்பாட்டிலேயே செய்தி இருக்கிறது. அந்த நாழிகை அந்த ஊருக்கு மட்டும் சொந்தம். வியாபாரிகளும் இதை அறிந்தே நடந்தார்கள். கடிதமானாலும் புரோநோட்டானாலும் ஊர்ப் பெயரும் தேதியும் சேர்ந்தேதான் எழுதுவார்கள். ஊர் இல்லாத தேதி தனியாக நிற்பதில்லை.

ரயிலும் தந்தியும் வந்ததும் இந்த நிம்மதி போயிற்று. 1853ல் பம்பாய்–தாணா ரயில். 1856 ஜூலை 1ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில். ஊருக்கு ஊர் கடிகாரம் மாறினால் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று எப்படி அட்டவணை போடுவது? தந்தி இன்னும் வேடிக்கை. கல்கத்தாவில் பகல் 12 மணிக்குத் தட்டிவிட்ட தந்தி உடனே பம்பாய் போய்ச் சேர்ந்தால், அங்கே கடிகாரத்தில் 11 மணிகூட ஆகியிருக்காது. அனுப்புவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த செய்தி!

நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

இந்தக் குழப்பத்துக்கு விடை மெட்ராஸில் இருந்தது. 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையம் வைத்தார். அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய பெரிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூடக் கல்வெட்டு உண்டு. சென்னை போகிறவர்கள் அனுமதி கிடைத்தால் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே வானியலராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802ல் மெட்ராஸின் நேரத்தை நிர்ணயித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷமும் சில விநாடிகளும் முன்னால். அங்கிருந்து சைகை போனால் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், அதைக் கேட்டு ஊரார் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள். இந்த நிலையத்தில் நம்மவர்களும் வேலை செய்தார்கள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். வானத்தை நேரில் பார்த்துத் திருத்திய கணக்கில் திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரும் அவரே. 1874ல் சுக்கிரன் சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சி வந்தபோது, பொதுமக்களுக்குப் புரிகிறாற்போல் அதைப் பற்றிச் சிறுநூல் எழுதினார்.

1870 வாக்கில் ரயில்வேக்கெல்லாம் ஒரே நேரம் வேண்டும் என்ற முடிவு வந்தபோது, மெட்ராஸ் டைமை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு காரணம். ஒன்று, மெட்ராஸில் முறையான வானாய்வு நிலையம் இருந்தது. இரண்டாவது, கணக்குப் பார்த்தால் மெட்ராஸ் நட்டநடு. பம்பாய் டைம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிஷம் முன்னால். கல்கத்தா டைம் 5 மணி 53 நிமிஷம் 20 விநாடி. இரண்டுக்கும் நடுவில் மெட்ராஸ். இந்த ஊருக்கும் ரொம்ப நோகாது, அந்த ஊருக்கும் ரொம்ப நோகாது. பஞ்சாயத்து பேசுகிற பெரியவர்கள் செய்கிற மாதிரி ஒரு தீர்ப்பு.

ராஜாபாய் கோபுரத்தில் நடந்த சண்டை

ரயிலுக்கு மெட்ராஸ் டைம் என்றபோது பம்பாய்க்காரர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். வீட்டுக்கும் கடைக்கும் அதைக் கொண்டுவந்தபோதுதான் சண்டை ஆரம்பித்தது. 1881 டிசம்பர் முதல் அரசு அலுவலகங்கள் மெட்ராஸ் டைம்படி நடக்க வேண்டும் என்று கவர்னர் சர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் உத்தரவு போட்டார். கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ள வேண்டும். "எங்கள் சூரியனை விட்டுவிட்டு மெட்ராஸ் சூரியனைப் பார்த்து நாங்கள் ஏன் எழுந்திருக்க வேண்டும்?" என்பதுதான் பம்பாயின் கேள்வி.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்து ராஜாபாய் கோபுரம் மும்பை அன்பர்களுக்குத் தெரிந்ததே. 1878ல் கட்டி முடிந்தது. பஞ்சு வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் என்ற ஜைன வணிகர் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்துத் தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைக்கச் செய்தார். அந்த அம்மாளுக்குக் கண் தெரியாது. அஸ்தமனத்துக்குப் பிறகு சாப்பிடாத விரதம் உடையவர். சாயங்கால மணியோசையைக் கேட்டு, பிறர் துணையில்லாமல் உணவு நேரத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்றே மகன் மணிக்கூண்டு கட்டினார் என்று மும்பையில் சொல்வது வழக்கம். கர்ண பரம்பரைக் கதைதான். ஆனால் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. அஸ்தமனம் பார்த்துச் சாப்பிடுகிற வீட்டுக்கு மெட்ராஸ் மணி உதவாது. பம்பாய் டைம் 6 மணிக்கு மறைகிற சூரியன், மெட்ராஸ் டைமில் 6½ மணிக்கு மறையும். கடிகாரத்தை மாற்றினாலும் சூரியன் தன் வேளையில்தான் போவான்.

இந்தக் கோபுரத்துக் கடிகாரமே சண்டையின் நடுவில் மாட்டிக்கொண்டது. அது பம்பாய் டைமைத்தான் காட்ட வேண்டும் என்று பல்கலைக்கழக செனட் தீர்மானித்தது. அப்படியானால் இரவில் கடிகார முகப்புக்கு விளக்குப் போடுகிற செலவை நாங்கள் தர முடியாது என்றது அரசு. கடைசியில் 1883ல் அரசு இறங்கி வந்தது. ரயில்வே மட்டும் மெட்ராஸ் டைமில் ஓடிற்று, ஊர் பம்பாய் டைமில் நடந்தது. ஸ்டேஷனுக்குப் போகிறவர் அரை மணியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஐந்தரை பிறந்த கதை

1884ல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, கிரீன்விச்சை உலகத்துக்கு நடுரேகையாக ஏற்கலாம் என்று பேசி முடித்தன. அந்தக் கணக்கில் இந்தியாவைப் பொருத்துவதற்கு இருபது வருஷம் ஆயிற்று. மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகை ரேகையை நடுவாக எடுத்தார்கள். 82½ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிஷம், அதாவது 5½ மணி. 1905 ஜூலை முதல் ரயிலும் தந்தியும் இதற்கு மாறின. 1906 ஜனவரி 1 முதல் இது இந்திய ஸ்டாண்டர்ட் டைம் ஆயிற்று. மெட்ராஸ் ஒன்பது நிமிஷத்தோடு தப்பித்தது, சத்தமும் அதிகம் எழவில்லை. பம்பாய் கடிகாரத்தை 39 நிமிஷம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தா சுமார் 23 நிமிஷம் பின்னே இழுக்க வேண்டியிருந்தது.

1906 ஜனவரியிலேயே பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் புது டைமை எதிர்த்துக் கிளம்பினார்கள். பணக்காரருக்கு 39 நிமிஷம் ஒரு விவாதப் பொருள். குளிர்காலத்தில் இருட்டோடு எழுந்து மில்லுக்கு ஓடுகிறவனுக்கு அது தூக்கம். நகராட்சிக் கடிகாரங்கள் பம்பாய் டைமிலேயே நின்றன, சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் அப்படியே இருந்தன. கல்கத்தா டைம் 1948 வரை நீடித்தது. அதுவரை இந்த ஊர்களில் ஒருவர் மணி சொன்னால் "எந்த டைம்?" என்று கேட்டுத் தெளிவது சாதாரணம்.

நடுவே யுத்தம் வந்தது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். கிரீன்விச்சுக்கு 6½ மணி முன்னால். அப்போது பிறந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் காலை 6 மணி என்று எழுதியிருந்தால் அது இன்றைய கணக்கில் காலை 5 மணி.

கம்ப்யூட்டருக்குள் மெட்ராஸ்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு நடுரேகை உண்டு. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போகின்றன. அந்தப் பொது நேரத்துக்கு யு.டி.சி. என்று பெயர். அந்தக் கணத்தில் நம் நாட்டில் காலை 5½ மணி. சில இணையதளங்களில் தேதி இல்லாத இடத்தில் திடீரென்று '1970 ஜனவரி 1, 5:30' என்று வந்து நிற்கிறதே, அதன் ரகசியம் இதுதான். எண்ணிக்கை பூஜ்யம் என்பதைக் கம்ப்யூட்டர் இந்திய நேரமாக மாற்றிக் காட்டுகிறது.

அப்படி மாற்ற வேண்டுமானால் எந்த ஊரில், எந்த வருஷம், என்ன நேரம் நடப்பில் இருந்தது என்ற பட்டியல் வேண்டும். அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஆல்சன் என்பவர் 1980களில் இதைத் தொடங்கினார். பிறகு பால் எக்கர்ட் என்ற பேராசிரியர் சேர்ந்துகொண்டார். பல பேர் சம்பளம் இல்லாமல் உழைத்து வளர்த்த பட்டியல் அது. உலகத்தில் ஏராளமான கம்ப்யூட்டர்களும் கைபேசிகளும் இன்று அதை நம்பித்தான் மணி காட்டுகின்றன. இதில் ஒரு சுவையான செய்தி. பழைய காலத்து நேரங்களுக்கு இவர்கள் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று, ஜாதகம் கணிப்பவர்களுக்காகத் தொகுத்த உலக ஊர் அட்டவணை. அதனாலேயே 2011ல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் இவர்கள்மேல் வழக்குப் போட்டு, 2012ல் வாபஸ் வாங்கியது. அதன் பிறகு பட்டியலை ஒரு சர்வதேச இணைய அமைப்பு பாதுகாத்து வெளியிடுகிறது. பிறந்த நேரத்தைச் சரியாக அறிய வேண்டும் என்ற பழைய ஆசை, நவீன கம்ப்யூட்டருக்கும் உதவியிருக்கிறது.

அந்தப் பட்டியலில் நமக்கு உரிய வரி 'ஆசியா/கொல்கத்தா'. முன்பு 'ஆசியா/கல்கத்தா'. நகரத்தின் பெயர் மாறியபின் இதுவும் மாறியது. பழைய புரோகிராம்கள் கெட்டுப்போகாமலிருக்கப் பழைய பெயரையும் மாற்றுப்பெயராக வைத்திருக்கிறார்கள். "டெல்லி எங்கே? மும்பை எங்கே? சென்னை எங்கே?" என்று நம் பிள்ளைகள் தேடுவதுண்டு. 1970க்குப் பிறகு ஒரே நேரம் வைத்திருக்கும் பகுதிக்கு ஒரு நகரத்தின் பெயர் போதும் என்பது அந்தப் பட்டியலின் வழக்கம்.

ஆனால் சென்னை அங்கே இல்லாமல் போகவில்லை. வரிக்குள்ளே போய்ப் பார்த்தால், முதலில் கல்கத்தா நேரம், பிறகு ஹௌரா நேரம், 1870 முதல் 1905 முடிய மெட்ராஸ் நேரம் 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி, அதன்பின் 5½, நடுவில் யுத்த நேரம் 6½ என்று வரிசையாக இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது 1887 டிசம்பர் 22. அந்தத் தேதியை இந்திய நேரம் என்று சொல்லிப் புரோகிராமில் போட்டால், பல கம்ப்யூட்டர்கள் 5½க்குப் பதிலாக 5:21:10 என்று கணக்கிடும். சரித்திரம் தெரியாத பையன், எங்கோ 8 நிமிஷம் 50 விநாடி பிசகுகிறதே என்று இரவெல்லாம் தேடுவான். பிசகு ஒன்றும் இல்லை. நுங்கம்பாக்கத்துக் கணக்குக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே சமயம், பம்பாய் டைம் அந்த வரியில் இல்லை. 1930ல் பம்பாயில் ஒரு வீட்டில் பம்பாய் டைம்படி குறித்த நேரத்தைப் போட்டால், கம்ப்யூட்டர் அதை ஸ்டாண்டர்ட் டைம் என்றே நினைத்துக்கொள்ளும். 39 நிமிஷம் தள்ளிப்போகும். ஜாதகம் பலிக்குமா பலிக்காதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு லக்னம் சராசரியாக 2 மணி நேரம், அதில் ஒரு நவாம்சம் சுமார் 13 நிமிஷம். 39 நிமிஷம் பிசகினால் மூன்று நவாம்சம் தள்ளிப் போகும். என்ன விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் ஆனாலும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு

இந்தச் சரித்திரத்திலிருந்து தொழிலுக்கு என்ன கிடைக்கிறது? கடைக் கணக்கு வைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிகிற மாதிரி சொல்கிறேன். நேரம் என்பது ஒரே சரக்கு அல்ல. நான்கு தினுசு, நான்குக்கும் தனித்தனி டப்பா வேண்டும்.

முதல் தினுசு, நடந்து முடிந்தது. பணம் கட்டியது, ஆர்டர் கொடுத்தது, லாரி கிளம்பியது. இதைப் பொது நேரமான யு.டி.சி.யில் எழுதி வைத்துவிட வேண்டும். பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டினால் போதும். எங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் ஒரு போக்குவரத்துக்காரரின் இணையதளத்தில், சாயங்காலம் 4 மணிக்கு ஏற்றிய மூட்டை காலை 10½ மணிக்கே கிளம்பியதாகப் பல மாதம் காட்டிக்கொண்டிருந்தது. யு.டி.சி.யில் வைத்தது சரி, நம் நேரத்துக்கு மாற்றிக் காட்ட விட்டுவிட்டார்கள். மூட்டை ஒன்று குறைந்த அன்றைக்கு, அது எந்த ஷிஃப்டில் குறைந்தது என்று அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாவது, நடக்கப்போவது. அடுத்த வருஷம் ஒரு கூட்டம் என்றால், அந்த ஊர் மணியையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும். 5½ என்ற எண்ணை மட்டும் வைத்தால் போதாது, ஏனென்றால் அரசுகள் நேரத்தை மாற்றும். இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது 1996 மே மாதம் 5½லிருந்து 6½ ஆக்கினார்கள், அதே வருஷம் அக்டோபரில் 6 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் மறுபடி 5½. வடக்கே புலிகள் வசமிருந்த பகுதி 1996ன் மாற்றத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு மணி! நேபாளம் 1986ல் 5½லிருந்து 5¾க்கு மாறியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1982ல் 7½லிருந்து 8க்குப் போயின. அமெரிக்காவில் வருஷத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நியூஜெர்சியில் இருக்கிற மகனுக்கும் நமக்கும் கோடையில் 9½ மணி, குளிர்காலத்தில் 10½ மணி வித்தியாசம். ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்தையும் நம்ப முடியாது. இஸ்ரேல்காரரும் அயர்லாந்துக்காரரும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்றெழுத்தைத்தான் போடுகிறார்கள். ஊர்ப் பெயரே பத்திரம்.

மூன்றாவது, வெறும் தேதி. பிறந்த நாள், கல்யாண நாள், திதி நாள். இதில் மணியே கிடையாது. ஆகையால் எந்த ஊர் நேரத்துக்கும் மாற்றக் கூடாது. பல புரோகிராம்கள் தெரியாமல் ஒரு நள்ளிரவைச் சேர்த்துவிடுகின்றன. 1950 ஏப்ரல் 14, இந்திய நள்ளிரவு என்று வைத்துக்கொண்டு பொது நேரத்துக்கு மாற்றினால், ஏப்ரல் 13 மாலை 6½ ஆகிவிடும். தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் 13. பாட்டிக்கு ஒரு நாள் வயது கூடிப்போயிற்று. விளையாட்டில்லை. ஆதார் அட்டையில் ஒரு தேதி, பென்ஷன் பதிவில் முந்தின தேதி என்று இருந்தால், படியேறி இறங்குவது அந்தப் பாட்டிதான்.

நான்காவது, சூரியனைப் பார்த்து நடக்கிறது. இதைச் சட்டத்தால் கட்ட முடியாது. நாடு முழுக்க ஒரே 5½ என்றாலும், டிசம்பரில் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது, மும்பையில் ஆறு மணி சுமாருக்கு. எங்கள் சமணக் குடும்பங்களில் அஸ்தமனத்துக்கு முன் சாப்பிட்டு எழ வேண்டும். வந்தவாசிப் பக்கத்து உறவுக்காரர் வீட்டு நேரத்தைக் கொல்கத்தாவில் வைத்துக்கொண்டால் விரதம் போய்விடும். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். சென்னையில் அச்சடித்த பஞ்சாங்கத்தின் உதய நேரத்தை மும்பையிலோ டெல்லியிலோ அப்படியே எடுத்து ராகுகாலமும் பிறவும் பார்க்கக் கூடாது. இதற்குப் புரோகிராம் எழுதுகிறவர் டைம் ஸோனோடு நிற்காமல், அந்த ஊரின் அட்சாம்சம், தீர்க்காம்சம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துத் 'தோட்ட நேரம்' என்று வேலை நடத்துவதும் சூரியனை அனுசரித்துத்தான்.

குடும்பத்தில் செய்ய வேண்டியது

டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்து நம் நாட்டு நேரத்தைக் காக்கிறது. துல்லியத்தில் இனி குறை இல்லை. குறை நம் வீட்டுக் குறிப்புகளில் இருக்கிறது. பம்பாயிலோ கல்கத்தாவிலோ பிறந்த தாத்தா பாட்டிகளின் குறிப்பில் மணி இருக்கும், எந்த டைம் என்று இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் உள்ள பெரியவர்களை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். பிறந்த ஊர் எது? மணி எந்தக் கடிகாரப்படி: ஸ்டாண்டர்ட் டைமா, ஊர் டைமா, யுத்த டைமா? யார் எழுதி வைத்தது? விடியலுக்கு முன் பிறந்தவர்களானால் இன்னொன்றும் கேளுங்கள். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும், இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறும். எந்தக் கணக்கில் தேதி போட்டார்கள்? தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதி வையுங்கள். பழைய குறிப்பை அடித்துத் திருத்த வேண்டாம். அதை அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் எழுதினால் போதும். நம் சங்கத்து உறுப்பினர் பதிவேடும் கம்ப்யூட்டரில் ஏறும்போது, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் பிறந்த ஊருக்கும் எந்த நேரம் என்பதற்கும் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலையைச் செய்து கொடுக்க நம் பிள்ளைகளே இருக்கிறார்கள்.